குடைக்காரர் ஓடிப்போனார்

முதலை இந்நேரம் துண்டைக் கவ்வியிருக்கும். கவ்வின முதலையைத் துண்டோடு சேர்த்து பஸ்ஸின் பின்பக்க ஏணியில் கட்டுகிற இடம் வந்தால் பெனிட்டோ தடுமாறுவான் என்று நேற்றே எனக்குத் தெரியும், ஏணிக்கு உண்டான இங்கிலீஷ் வார்த்தையில் அவன் நாக்கு முட்டி முட்டி நின்றது, டீக்கடையில் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான், டீ மாஸ்டருக்கே அந்த வார்த்தை மனப்பாடமாகிவிட்டது, இவனுக்கு ஆகவில்லை. மூடின கதவுக்குப் பின்னால் அவன் குரல் கேட்கிறது, என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை, ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டை உடைந்திருக்கிறது, அது வழியாகப் பாதிப் பேச்சு வெளியே வருகிறது, மீதிப் பாதியை மின்விசிறி தின்றுவிடுகிறது. நான் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி ஆள். என்னுடைய வரிசை எண் எப்போதுமே கடைசி, மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கல்லூரியில் பி.ஏ. சேரப் போனபோது ஆபீஸில் இருந்த பையன் என்னை ஏதோ பிள்ளைக்குச் சீட்டு கேட்டு வந்த தாத்தா என்று நினைத்து, பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க சார் என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டான், பையனே நான்தான் என்று அவனுக்கு விளங்கவைப்பதற்குள் எல்லா எண்ணும் தீர்ந்து கடைசி எண் கைக்கு வந்தது. எல்லாத் தாளும் முடிந்தது. தொல்காப்பியம் தேறியாயிற்று, சுற்றுச்சூழல் தேறியாயிற்று, கம்ப்யூட்டர் என்று ஒரு தாள், அதில்கூட எலியைப் பிடித்து நகர்த்தித் தேறியாயிற்று. இந்த ஒன்று மட்டும், மூன்று நிமிஷம் இங்கிலீஷில் பேசவேண்டும் என்கிற இந்த ஒன்று மட்டும், தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. முதல் தடவை உள்ளே போய் நாற்காலியைப் பார்த்தேன், மேசையைப் பார்த்தேன், வணக்கம் சொன்னேன், வெளியே வந்துவிட்டேன். இரண்டாம் தடவை தைரியமாகப் பேசினேன், பத்து நிமிஷம், கேட்டவர் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார், எல்லாம் தமிழ், சைபர் போட்டு அனுப்பினார். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டு மைக்கில் பேசின வாய் இது, திருச்செந்தூர் போகிறவனைத் திருச்செந்தூருக்கும் தென்காசி போகிறவனைத் தென்காசிக்கும் அனுப்பிவைத்த வாய், இதை வைத்துக்கொண்டு ஒரு அறைக்குள் இருக்கும் இரண்டு மேடம்களிடம் மூன்று நிமிஷம் பேசமுடியவில்லை என்றால் வாயைக் கழற்றித் தாமிரபரணியில்தான் போடவேண்டும்.

தலைப்பு ஒரு வாரத்துக்கு முன்னாலேயே தெரியும். உன் வாழ்க்கையில் மறக்கமுடியாத ஒரு நிகழ்ச்சி. பியூலா மேடம் வகுப்பில் சொன்ன அன்றைக்கே இந்தப் பிள்ளைகள் முகத்தில் இருட்டு விழுந்துவிட்டது. எனக்கு இரண்டு வகுப்பு இளையது இதெல்லாம், தோற்றுப்போன தாளுக்காக இவர்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் கேன்டீனில் எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற பிள்ளைகள். "எங்க வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலியே அண்ணாச்சி" என்று பெனிட்டோ அழமாட்டாத குறையாகச் சொன்னான். பத்தொன்பது வயசு. பள்ளிக்கூடம் போனான், வீட்டுக்கு வந்தான், போனைப் பார்த்தான், தூங்கினான், இதில் எதை மறக்கமுடியாது என்று சொல்ல. எனக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்கவில்லை என்று சொல்வதும் பொய்தான், எனக்கு வாய் கேட்கவில்லை. காரையார் அணையில் குளிக்கப்போன இடத்தில் முதலை துண்டைக் கவ்விய கதையை அவனுக்குக் கொடுத்தேன். அது பரவி அடுத்தவன் வந்தான், இசக்கிராஜா, அவனுக்கு ஆரல்வாய்மொழிக் காற்றைக் கொடுத்தேன், டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கும்போது காற்று தள்ளின தள்ளில் பஸ் தானாகவே நாகர்கோவில் போய் நின்று ஆள் இறக்கிவிட்ட கதை. அபிஷாவுக்கு அயிரை மீன் மழை. இப்படி வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் நான்தான் வாழ்க்கை கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதைப் போனில் போட்டு இங்கிலீஷாக்கி, அபிஷாவிடம் திருத்தி வாங்கி நெட்டுருப்போட்டார்கள். எனக்கென்று சரக்கிலேயே உயர்ந்ததை எடுத்து வைத்துக்கொண்டேன், குற்றாலத்துக் குரங்கு பஸ் ஸ்டாண்டு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அன்றைக்குப் பூராவும் அறிவிப்புக் கொடுத்த கதை, மதுரைக்கு நின்றவன் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தான், மாப்பிள்ளை அழைப்புக்குப் போனவர்கள் வேறெங்கோ காதுகுத்துக்குப் போய் மொய் எழுதினார்கள். அபிஷாதான் அதையும் இங்கிலீஷாக்கிக் கொடுத்தாள். எல்லாம் சரி. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒன்றே ஒன்று. அதை இப்போது நினைக்கவேண்டாம். பெனிட்டோ வரட்டும்.

தாகமாக இருக்கிறது. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போகவேண்டும், ஒன்றுக்குப் போனால் பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள், குடிக்காவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, சர்க்கரை வேறு, காந்திமதி காலையில் மாத்திரையை நீட்டிக்கொண்டே கேட்டாள், "கல்யாணத்துக்கு வாரவுக பத்திரிகையில சாப்பாடு எப்பன்னு பாப்பாவளா, ஒங்க பட்டத்தைப் பாப்பாவளா?" கட்டின பெண்டாட்டி, ஐம்பது வருஷமாக என் பேச்சைக் கேட்கிறவள், ஒரு வார்த்தையை நம்பினது கிடையாது, ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். தை மாசம் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையில் மேலே இரண்டு தாத்தா பேரும் வரும். ஒரு பக்கம் என் சம்பந்தி, மகளின் மாமனார், எஸ்.கோமதிநாயகம், எம்.ஏ., பி.எட்., ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இன்னொரு பக்கம் மா.பலவேசம். அப்புறம் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் முகூர்த்த நேரத்தைப் பார்க்கமாட்டான், மாப்பிள்ளை பேரைப் பார்க்கமாட்டான், யார் பேருக்குப் பின்னால் என்ன வால் என்று பார்ப்பான், வால் இல்லாதவனைப் பார்த்து, ஓகோ இவன்தானா என்பான். வாலில்லாத பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும் நான், ஊர் பூராவும், ஒவ்வொரு வீட்டு நிலைப்படியிலும், மஞ்சள் தடவிய நாலு மூலைக்கு நடுவே. மகள் செண்பகத்தின் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தானே என்று கேட்டால், அந்தப் பத்திரிகையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, அது வேறே கதை, அது இப்போது எதுக்கு. பி.ஏ. வரட்டும். மா.பலவேசம், பி.ஏ. கமா போட்டு, புள்ளி வைத்து. ரெண்டெழுத்து. அதற்கு நடுவில் ஒரு குரங்கும் ஒரு மைக்கும் மூன்று நிமிஷமும்.

கதவு திறந்தது. பெனிட்டோ வெளியே வந்த வேகத்தில் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். பையன்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி கறுப்பு ஷூ, இன்றைக்கு எல்லாரும் சட்டையை உள்ளே விட்டு மாப்பிள்ளை மாதிரி வரவேண்டும் என்று உத்தரவு, ஷூ யாருடையது என்று யாருக்கும் தெரியாது, வெளியே வருகிறவன் கழற்ற உள்ளே போகிறவன் மாட்ட காலையிலிருந்து அது நின்ற பாடில்லை. இசக்கிராஜா ஒற்றைக் காலில் நின்றபடி, "உள்ள என்னல கேட்டாவ?" என்றான். பேச்சுத் தேர்வுக்கு வருகிற எல்லாரும் வெளியே வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வி, ஆஸ்பத்திரியில்கூட இப்படிக் கேட்கமாட்டார்கள். பெனிட்டோ என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஏணியெல்லாம் ஏறிட்டேன் அண்ணாச்சி. கடைசியில அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ. கரையில குடையோட நின்ன குண்டு மனுசன் முதலையைப் பாத்ததும் ஓடிட்டாருன்னு சொன்னியே, அந்தக் குடைக்காரரு யாருன்னு." "நீ என்னல சொன்ன?" "எனக்கென்ன தெரியும், நீங்க சொல்லலியே! பக்கத்து வீட்டு மாமான்னேன்." இசக்கிராஜா ஷூ மாட்டிய காலோடு அப்படியே நின்றான். "அண்ணாச்சி, எங்கதையிலயும் குடைக்காரரு ஓடுதாரே. காத்துக்கே புடிக்கமுடியாத அளவுக்கு ஓடுதாரே." "ஓடுதாருதான்." "அப்ப நான் என்ன சொல்ல?" உள்ளேயிருந்து பேரைக் கூப்பிட்டார்கள். ஷூவின் நாடாவைக் கட்டாமலே போனான், நாடா இரண்டும் தரையில் அவன் பின்னால் ஓடின.

இதுதான் அந்த ஒன்றே ஒன்று. யாருக்கு எந்தப் பொய்யைக் கொடுத்தாலும் கடைசியில் ஒரு குண்டான மனிதர் கறுப்புக் குடையோடு வந்து நின்று, பயந்து, ஓடிப்போவார். அவர் இல்லாமல் எனக்குக் கதை முடியாது. கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்திருக்கிறேன், நிற்கமாட்டார். முதலையை விட, காற்றை விட, குரங்கை விட எனக்கு அந்த ஓட்டம்தான் முக்கியம், வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல், தொந்தி முன்னால் போக, குடை பின்னால் பறக்க, தலைமையாசிரியர், ஆமாம், சம்பந்திதான், கோமதிநாயகம்தான், வேறே யார். குரங்குக் கதையில் அவர் மதுரை என்று நினைத்துத் தப்பான பஸ்ஸில் ஏறித் தப்பான கல்யாணத்தில் தப்பான மணமக்களை ஆசீர்வாதம் பண்ணி, கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பாயசத்தோடு ஓடுவார். டீக்கடையில் இத்தனை நாள் சொல்லிச் சிரித்ததில் ஒரு தோஷமும் இல்லை. ஒரே அறையில், ஒரே நாற்காலியில், ஒரே அம்மாளுக்கு முன்னால், காலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்து தன் வாழ்க்கையில் மறக்கமுடியாத நிகழ்ச்சியில் ஒரு குடைக்காரர் ஓடிப்போனார் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நான் ஏன் யோசிக்கவில்லை. பொய் சொல்கிறவன் கேட்கிறவனை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இது எனக்குத் தெரியாததா. அந்த அம்மாள் வேறே கல்லூரியிலிருந்து தேர்வு வாங்க வந்தவள், யாரென்று தெரியாது, பேர் தெரியாது, நரைத்த தலை, கண்ணாடி, சிரிக்கவில்லை என்று முதலில் போய் வந்த பிள்ளை சொல்லிற்று, சிரிக்காத ஆள்தான் எண்ணிக்கொண்டிருக்கிற ஆள். எல்லாருக்கும் ஒரே இடத்தில் சரக்கு வந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் மொத்த வகுப்புக்கும் தேர்வு ரத்து. ரத்தானால் மறுபடி சித்திரையில். சித்திரையில் என்ன பிரயோசனம், தையில் கல்யாணம். பத்திரிகைக்காரன் பி.ஏ.வுக்காக எத்தனை நாள் இடம் விட்டு வைப்பான்.

இல்லை, நான் அந்தக் குடையை இல்லாமல் சொல்லிவிடலாம். குரங்கு மைக்கைப் பிடித்தது, பஸ்கள் மாறிப்போயின, நன்றி வணக்கம். சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்குள்ளேயே, இங்கிலீஷில். முதல் வாக்கியம் வருகிறது. இரண்டாவது வருகிறது. மூன்றாவதில் குரங்கு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. இந்த இங்கிலீஷில் என்ன கோளாறு என்றால், இதில் எனக்குப் பொய் வரமாட்டேன் என்கிறது. தமிழில் வாயைத் திறந்தால் போதும், பொய் தானாகக் காலைத் தூக்கிக்கொண்டு ஓடும், நான் பின்னாலேயே போய், அடேய் நில்லு, நானும் வருகிறேன் என்று பிடிக்கவேண்டியதுதான். பொய்க்கு வேகம் வேண்டும். கேட்கிறவன் ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த வளைவு திரும்பிவிடவேண்டும். இங்கிலீஷில் நான் ஒவ்வொரு வார்த்தையாகச் செங்கல் சுமக்கிற மாதிரி தலையில் வைத்துக் கொண்டுபோய் இறக்கவேண்டியிருக்கிறது, நான் நாலு கல் இறக்குவதற்குள் கேட்கிறவள் சுவர் பூராவையும் பார்த்துவிடுவாள். எனக்கு அந்தப் பாஷையில் சரளமாக வருவது இவ்வளவுதான்: என் பெயர் பலவேசம். என் ஊர் பாளையங்கோட்டை. எனக்கு ஒரு மகள். மழை பெய்கிறது. எல்லாம் உண்மை. ஒரு பாஷையில் வெறும் உண்மை மட்டும்தான் சொல்லமுடியும் என்றால் அந்தப் பாஷையில் ஒரு மனுஷன் எப்படி ஜீவிப்பான், வெள்ளைக்காரன் எப்படித்தான் இருந்தானோ, அவனுக்கு வந்திருக்கும், அவன் அதில் பிறந்தவன்.

இசக்கிராஜா வந்துவிட்டான். இவ்வளவு சீக்கிரமா. "முடிஞ்சிது அண்ணாச்சி" என்றான். "பாஸா?" "அது தெரியாது. நான் குடைக்காரர்ங்க வார்த்தையைச் சொன்னேன் பாருங்க, அந்தம்மா பேனாவைத் திறந்து எம்பேருக்கு நேரா ஒரு குடை வரைஞ்சாவ." "என்னது?" "குடை. கைப்பிடி வளைஞ்சு, நல்ல அழகா. எம்பேருக்கு மேல பாத்தேன், பெனிட்டோ பேருக்கு நேராவும் ஒரு குடை. அதுக்கு மேல வரிசையா குடை. பியூலா மேடம் கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாவ." பெஞ்சில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். கோபம் இல்லை அந்தப் பார்வையில், அதுதான் தாங்கவில்லை, ஏதோ அண்ணாச்சி இதற்கும் ஒரு வழி வைத்திருப்பார் என்கிற பார்வை. ஒரு வழியும் இல்லை. வரிசையாகக் குடை. கோமதிநாயகம் அந்தத் தாளில் மேலேயிருந்து கீழே வரைக்கும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷன் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமலே எவ்வளவு தொந்தரவு கொடுக்கிறார்.

இன்னும் இரண்டு பேர்தான். அபிஷா, அப்புறம் நான். அபிஷா என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள், துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கி அது கயிறாகிவிட்டது. இவள் வகுப்பில் எல்லாருக்கும் இங்கிலீஷ் எழுதிக் கொடுக்கிற பிள்ளை, எழுத்தில் சிங்கம், வாயைத் திற என்றால் கண்ணீர் வந்துவிடும், போன தடவை வணக்கம் சொல்லும்போதே அழுதுவிட்டாள். "குடையை எடுத்திரு தாயி" என்றேன் மெதுவாக. "மீன் மழை பெஞ்சுது, எல்லாரும் பொறுக்கினாவ, அவ்வளவுதான். குடைக்காரரே வேண்டாம்." அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "குடையை எடுத்துட்டா மீனை எதுல அண்ணாச்சி புடிக்க?" அது சரி. அவர் குடையைத் தலைகீழாகப் பிடித்து மீனை நிரப்பிக்கொண்டு ஓடுவதுதானே கதை. "சட்டியில புடி." "வானத்துல இருந்து மீன் விழும்னு சட்டியோட யாரு நிப்பா? குடைன்னாத்தான் நம்புவாவ." வாயைத் திறந்தால் அழுகிற பிள்ளை என்னோடு கதை நியாயம் பேசுகிறது. "அப்ப ஓடவிடாத. நிக்கட்டும்." "நின்னா எல்லாரும் மீனைப் பங்கு கேப்பாவள்லா? ஓடித்தான் ஆகணும் அண்ணாச்சி." பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். கதவுவரைக்கும் போய்த் திரும்பி வந்து, "அவரு நெசமாவே ஓடுவாரா?" என்று கேட்டாள். "யாரு?" "குடைக்காரரு." என்ன கேள்வி இது, இந்த நேரத்தில். "போம்மா, கூப்பிடுதாவ" என்றேன். போய்விட்டாள்.

நெசமாவே ஓடுவாரா. ஓடுவாரா அவர். நான் நினைக்கவேண்டாம் என்று இந்தக் காலையில் எத்தனை தரம் ஒதுக்கித் தள்ளினேன், கண்ணாடிப் பட்டை வழியே அபிஷாவின் குரல், நடுங்கினாலும் நிற்காமல், மழை என்று ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வெளியே வந்து விழுகிறது, அன்றைக்கும் மழைதான். செண்பகம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க நானும் அவரும் மார்க்கெட் பக்கத்து அச்சகத்துக்குப் போனோம், ஐப்பசி அடைமழை, இரண்டு பேருக்கும் அவருடைய ஒற்றைக் கறுப்புக் குடை. அப்போதெல்லாம் ஈய எழுத்துதான், எழுத்துக் கோக்கிறவர் கோத்து முடித்து உரக்க வாசித்தார், எஸ்.கோமதிநாயகம், எம்.ஏ., பி.எட்., அடுத்தது மா.பலவேசம் என்று வாசித்துவிட்டு நிறுத்தி, இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சாருக்குப் பின்னால என்ன போடணும்?" இடுக்கி காற்றில் நிற்கிறது. கூரைத் தகரத்தில் மழை. எனக்கு அந்த நேரத்தில், என் ஆயுசில் அந்த ஒரு நேரத்தில், பொய் வரவில்லை. சாதாரணமாக என்றால் ரங்கூன் யூனிவர்சிட்டி என்று சொல்லியிருப்பேன். அவர்தான் சொன்னார், ஏதோ காய்கறி வாங்குகிற மாதிரி, "எனக்கும் ஒண்ணும் போடாதீங்க. எடுத்திருங்க. பேருக்குப் பேரு சரியா இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கு." எடுத்தார். எம். விழுந்தது. ஏ. விழுந்தது. ஒவ்வொரு ஈய எழுத்தும் மரப்பெட்டியில் விழுகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது, பல்லு விழுகிற மாதிரி. திரும்பி வரும்போது குடை பூராவும் என் பக்கம்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வந்து பார்க்கிறேன், அவருடைய இடது தோள் முழுக்க நனைந்து பனியன் தெரிகிறது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஒரு சொட்டு ஏளனம் இருந்தால் போதும், அதை வைத்தே இருபத்தைந்து வருஷம் சந்தோஷமாக எரிந்திருப்பேன். அதுவும் கொடுக்கவில்லை அந்த ஆள். நல்லவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வெறுக்கவும் முடியாது, கும்பிடவும் மனசு வராது, அதனால் டீக்கடைக்கு வந்து ஓடவிட்டேன். முதலையைக் காட்டி ஓடவிட்டேன், காற்றைக் காட்டி ஓடவிட்டேன். ஓட ஓட எனக்கு மூச்சு வாங்குகிறது.

"பலவேசம்." அபிஷா எப்போது வெளியே வந்தாள், தெரியவில்லை, கன்னம் நனைந்திருக்கிறது, சிரிக்கிறாள், ஏதோ சொல்கிறாள், காதில் விழவில்லை. பெல்ட்டை இறுக்கிவிட்டது தப்பு. உள்ளே குளிர். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த அம்மாள், பக்கத்தில் பியூலா மேடம் கைக்குட்டையோடு. தாள் மேசையில் கிடக்கிறது. குடைகள். ஒன்றுகூடக் குறையவில்லை. உட்கார்ந்தேன். குரங்கே வா. குரங்கு மைக்கோடு வந்து நின்றது. முதல் வாக்கியத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து: நீங்கள் நிகழ்ச்சி சொல்லவேண்டாம், மிஸ்டர் பலவேசம். ஒரே கேள்வி. குடைக்காரர் யார்? யாரும் காட்டிக்கொடுத்திருக்கமாட்டார்கள். இந்த வகுப்பில் இவ்வளவு பொய்யைச் சுமக்கிற வயசு இருக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று தலையைப் பார்த்தாலே தெரியாதா. பக்கத்து வீட்டு மாமா என்று சொல்லலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பாஷையில் எனக்கு உண்மைதானே கையிருப்பு, அதுதான் வந்தது. அவர் கோமதிநாயகம் என்றேன். அவர் என் மகளுடைய கணவருடைய அப்பா. அவர் தலைமையாசிரியர். நான் பஸ் ஸ்டாண்டு. இது தப்பு, நான் பஸ் ஸ்டாண்டில் வேலை பார்த்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும், போகட்டும், பஸ் ஸ்டாண்டுதான். என் மகளுக்குக் கல்யாணம். நாங்கள் அச்சகம் போனோம். மழை. இரண்டு பேர். ஒரு குடை. அவருக்குப் பட்டம் உண்டு. எனக்கு இல்லை. அவர் தன் பட்டத்தை எடுத்துவிட்டார். எனக்காக. செங்கல் செங்கலாக இறக்கினேன், அவசரமே இல்லை, அவர்களும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் ஓடினாரா என்று அந்த அம்மாள் கேட்டாள். இல்லை என்றேன். ஒருநாளும் இல்லை. அப்படியென்றால் எல்லாரும் ஏன் அவர் ஓடினார் என்கிறார்கள்? யோசித்தேன். எனக்குக் கோபம் என்றேன். அவர் நல்ல மனிதர். அது மிகவும் கஷ்டம். பியூலா மேடம் கைக்குட்டையை எடுத்து இந்தத் தடவை கண்ணுக்குக் கொண்டுபோனாள், சிரிப்பா மற்றதா என்று பார்க்க எனக்கு நேரமில்லை, செங்கல் இன்னும் பாக்கி இருந்தது. இப்போது பேத்திக்குக் கல்யாணம். புதிய அட்டை. நான் தேறவேண்டும். என் பெயருக்குப் பின்னால் நான் போடவேண்டும். நான் போட்டால்தான் அவரும் போடுவார். அவருடைய எழுத்துகள் இருபத்தைந்து வருஷமாக ஒரு பெட்டியில் கிடக்கின்றன. இதை நானே அப்போதுதான் கேட்டேன். மூன்று வருஷமாக அவரை ஜெயிக்கத்தான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவன், தெரியாத பாஷையில் மாட்டிக்கொண்டு, வேறே என்னவோ சொல்லிவிட்டான்.

அந்த அம்மாள் பேனாவைத் திறந்தாள். என் பேருக்கு நேரே குடை வரையப்போகிறாள் என்று பார்த்தேன், வரையவில்லை, ஒரு எண் போட்டு, அதைக் கையால் மறைத்துக்கொண்டாள். "பிள்ளைகளை ஒண்ணும் செஞ்சிராதீங்கம்மா" என்றேன், தமிழ் வந்துவிட்டது. "அதுங்க மேல தப்பில்ல, அதுங்க வாழ்க்கையில ஒண்ணும் நடக்கல." அவளும் தமிழுக்கு வந்துவிட்டாள். "நெட்டுருப் போட்டதுக்கு எல்லாருக்கும் கொஞ்சம் குறைச்சிருக்கேன். மீன் மழைப் பிள்ளைக்கு மட்டும் குறைக்கலை. பாதியில மறந்துபோய், அப்புறம் தானா ஒரு கதை கட்டி முடிச்சா, அழுதுக்கிட்டே." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கல்யாணப் பத்திரிகை அடிச்சதும் எனக்கு ஒண்ணு அனுப்புங்க. ரெண்டு பேருக்கும் பின்னால இருக்கான்னு நான் பாக்கணும்" என்றாள். எழுந்து கும்பிட்டேனா, கும்பிடாமல் வந்தேனா, ஞாபகம் இல்லை.

வெளியே எல்லாரும் நின்றார்கள், ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை, ஷூ இப்போது யார் காலிலும் இல்லாமல் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. "உள்ள என்ன கேட்டாவ அண்ணாச்சி?" "என்ன சொன்னீய?" "குடையைக் கண்டுபிடிச்சிட்டாவளா?" ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், குடித்ததும் நாக்கு தன் பாஷைக்குத் திரும்பி, வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றது. "அதை ஏன் கேக்கிய. நான் உள்ள போய் உக்காந்தேன், குரங்கு மைக்கைப் புடிச்சதுன்னு ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பேன். அந்தம்மா ஃபேனை ஒரு திருகு திருகுச்சு பாரு, குளுந்து, கறுத்து, அறைக்குள்ளயே இடி இடிச்சு மழை புடிச்சிக்கிட்டு. மேசை மிதக்கு. மார்க்குத் தாளெல்லாம் கப்பல் மாதிரி போவுது. பியூலா மேடம் அலமாரி மேல ஏறிட்டாவ." பெனிட்டோ ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தான். "தண்ணி எனக்குக் கழுத்து வரை வந்தாச்சு. அப்பத்தான் கதவைத் தெறந்துக்கிட்டு யாரு வாரா? கறுப்புக் குடை, குண்டு உடம்பு, வேட்டி." "குடைக்காரரு!" என்றன எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில், என்னை முந்திக்கொண்டு, இந்த இடம் எல்லாருக்கும் மனப்பாடம் அல்லவா, "வெள்ளத்தைப் பாத்ததும் ஓடிட்டாரு!" அபிஷா மட்டும் சொல்லவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இல்லல" என்றேன். "இந்தத் தடவ ஓடல. எந்தலைக்கு மேல குடையைப் புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு." பிள்ளைகள் நம்பவில்லை, இத்தனை நாளில் நான் சொன்ன எதையும் சந்தேகப்படாத பிள்ளைகள் முதல் தடவையாக என்னைச் சந்தேகமாகப் பார்த்தன. "ஏன் அண்ணாச்சி ஓடல?" என்றான் இசக்கிராஜா. "முழங்கால் வலி அவருக்கு" என்றேன்.